மூன்றாம் இரும்பு

ஆவணியில் முத்தையன்கட்டுக் குளத்தின் வால் வற்றி
களிமண் தட்டுத் தட்டாய் வெடித்துக் கிடக்கும்.
அதில்தான் சத்தியரூபன் பந்தடிக்கிறார்.
எருமைகள் முதல் வாரம் வெருண்டன.
இப்போது தலையைத் தூக்குவதோடு சரி.

கனடாவில் மார்க்கம் என்றொரு ஊராம்.
அங்கே புல்வெட்டும் மைத்துனன்
யாரோ எறிந்ததைப் பையோடு அனுப்பிவிட்டான்.
ஒன்பது தடிகள். ஒன்றும் இரண்டும் இல்லை,
எண்ணிக்கை மூன்றில் தொடங்குகிறது.

நான் கால் செய்கிறவள்.
முள்ளியவளையில் எங்கள் பட்டறை.
அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே
போன மாதம் புதுப் பாதம் பூட்டினேன்.
குதி கொஞ்சம் உயர்ந்தால் முழங்கால் முன்னே தள்ளும்,
தாழ்ந்தால் பின்னே இழுக்கும்.
ஆறாம் நாள் வந்து வாசலில் நின்றார்.
"நடக்க நல்லாத்தான் இருக்கு தங்கச்சி.
மூண்டுதான் எழும்புதில்லை."
நான் காலைத்தான் பார்த்தேன்.
அவர் பையைத் திறந்தார்.

கோணமானியை இரும்பின் முகத்தில் வைத்தேன்.
மூன்றாவது, இருபத்தொரு பாகை.
நான்காவது, இருபத்துநான்கு.
ஐந்தாவது, இருபத்தேழு.
நிமிர்ந்த முகத்துக்கு வேகம் வேணும்,
இல்லாட்டி பந்து புழுதியை முகர்ந்துகொண்டே போகும்
என்று மைத்துனன் தொலைபேசியில் சொல்லியிருக்கிறான்.
வேகம் எங்கிருந்து வரும்?
இடுப்புத் திரும்பி, பாரம் முழுக்க இடது காலுக்கு வந்து
அதன்மேல் உடம்பு சுழன்றால் வரும்.
நான் செய்த கால் நிற்கும், நடக்கும், மாடு கலைக்கும்.
சுழலாது.
சுழலும் இணைப்பு ஒன்று இருக்கிறது.
கொழும்புக்கு எழுதினோம்.
அத்தியாவசியப் பட்டியலில் இல்லை என்று பதில்.

"அப்ப இரும்பை வளைப்பம்" என்றார்.
வார்த்ததா, அடித்ததா என்று தெரியவேண்டும்.
வார்த்தது முறியும்.
சுண்டிப் பார்த்தேன், ஓசை மெத்தென்று வந்தது.
இடுக்கியில் கழுத்தைப் பிடித்து
செயற்கைக் காலின் குழாயொன்றை நெம்புகோலாய்ச் செருகி
மூச்சைப் பிடித்து ஒரே இழுவை.
இருபத்துநான்கு.

பின்னேரம் குளத்துக்குப் போனோம்.
பந்து எழும்பியது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.
பாலைமர உயரத்துக்கு எழும்பியது.
அங்கே சோளகக் காற்று அதைக் கையில் வாங்கி
எருமைகளுக்கு இந்தப் பக்கம் போட்டது.
அடுத்தது அதுவுமில்லை.
முகத்தைச் சாய்த்தால் அடிவயிறும் சாய்கிறது,
காய்ந்த களியில் இரும்பு துள்ளி
பந்தின் உச்சந்தலையைத் தட்டியது.

"முந்தித் தாழப் போனாலும்
உருண்டு உருண்டு அந்த நாவல் மட்டும் ஓடினதெல்லே?"
ஓடியதுதான்.
இந்தத் தரையில் ஓடுவதும் ஒரு தூரம்தான்.
திருப்பி வளையுங்கோ என்று அவர் கேட்கவில்லை.
கழுத்து இன்னொருமுறை தாங்காதென்று
நானும் சொல்லவில்லை.

இப்போது மூன்றும் நான்கும் ஒரே பாகை.
ஒன்று பையில் சும்மா பாரம்.
அவர் கொஞ்ச நேரம் காற்றைப் பார்த்தார்.
பிறகு மூன்றை எடுத்துக்கொண்டு
நாவல் வரைக்கும் நொண்டாமல் நடந்தார்.
ஒரு வெடிப்புக்குள் தலைகீழாய்க் குத்தி
சிவப்புக் கடைப்பை ஒன்றைக் கட்டினார்.
"இனி அதுதான் கொடி.
என்ர நீட்டு இரும்பு அஞ்சு."

ஐந்தை நான் ஆடும்வரை பார்த்திருந்தேன்.
நாலாவது அடியில்தான் கண்டேன்,
கடைசிக் கணத்தில் குதி அவரைப் பின்னே இழுக்கிறது.
"ஒருக்கா இருங்கோ."
வெடிப்பு நிலத்தில் குந்தி
காற்சட்டையைச் சுருட்டி, ஆறுமூலைச் சாவியால்
குதியை அரைப் பாகை உயர்த்தினேன்.
பந்து கொடிக்குப் போகவில்லை.
கொடிப் பக்கம் போனது.

மறுநாள் பதிவேட்டில் எழுதினேன்:
இடது பாதம், குதி, அரைப் பாகை கூட்டியது.
காரணம் என்ற கட்டத்தில் பேனை நின்றது.
எதிர்க்காற்று என்று எழுதி
கையெழுத்து வைத்தேன்.