மூன்றாம் எண் கூண்டு

டிசம்பர் பத்துக்குள் ஒரு எண்ணைச் சொல்லியாக வேண்டும்.
சௌகார்பேட்டை அட்டைப்பெட்டிக்காரன்
நாளுக்கு இரண்டு முறை போன் அடிக்கிறான்:
"நூத்தியெண்பதா, எரநூத்தியிருபதா, சொல்லுக்கா."

சொல்லத் தெரிந்தால் நான் ஏன்
கல்மண்டபத்துப் பின்சந்தில்
ஒற்றை அவனோடு மல்லுக்கட்டுகிறேன்?

திராட்சை அக்டோபரிலேயே ஊறப்போட்டாயிற்று.
ஒரு ஜாடி ரம்மில்.
ஒரு ஜாடி ஆரஞ்சுச் சாற்றில், சபைக்காரர்களுக்கு.
ஜாடி மாறிப்போன வருஷம்
பாஸ்டரம்மா இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினார்.
அதற்குப் பிறகு ஜாடிகளில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன்,
அவர் கொஞ்சம் வருத்தமாய்த்தான் இருக்கிறார்.

முட்டை விலையை நாமக்கல்லில் முடிவு செய்கிறார்கள்.
முந்திரி விலையைக் கேட்டுப் பாதியாய்க் குறைத்து,
மனசு கேட்காமல் மறுபடி கால் கிலோ ஏற்றினேன்.
இரண்டு வளையல் ஜி.ஏ. ரோட்டு அடகுக்கடையில்.
இதெல்லாம் கணக்கு.
நோட்டில் அடங்கும்.

அடங்காதது கடல்.
காசிமேட்டில் படகு இறங்கினால்தான்
இந்தத் தெருவில் பணம் நடக்கும்.
வஞ்சிரம் பட்டால் வீட்டுக்கு ஒரு கிலோ ப்ளம் கேக்.
சங்கரா என்றால் அரைக் கிலோ.
காரப்பொடிதான் என்றால்,
"புள்ளைக்கு ஒரு துண்டு கட்டிக்குடு, லில்லி."
வெறும் வலை என்றால்
எதிர்ச்சுவரோரம் நடப்பார்கள்,
என் கடை இருக்கும் பக்கம் திரும்பாமல்.

எட்டாம் தேதி துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.

கோயில் கொடியைக்கூட
இத்தனை தடவை அண்ணாந்து பார்த்ததில்லை நான்.
காலையில் பால் வாங்கப்போகும்போது ஒரு முறை,
சிலிண்டர்காரனிடம் நியாயம் பேசிவிட்டு ஒரு முறை,
ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கி
செய்தியில் ஒரு முறை.
மாஸ்டர் ஜைனுலாபுதீன் மைதா சலித்தபடி சொன்னார்:
"ஈரத்துல மாவு கட்டி தட்டுதுக்கா.
நூத்தியறுபதோட நிறுத்திக்க."

அன்றைக்குத்தான் சூசைமாணிக்கம் வந்தார்,
தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு.
"போன வருஷ அட்வான்சு நூறு ரூபா
உங்கிட்டயே நிக்குது. கழிச்சிக்க."

போன வருஷம் ஆள் வரவேயில்லை.
அவர் பெயர்ச் சீட்டு ஒட்டிய ஒரு கிலோ
ராஜாக்கள் திருநாள் வரை கண்ணாடிக்குள் காத்துக் கிடந்தது.
பிறகு குப்பை வண்டிப் பெண்கள் ஐந்து பேர்
பங்கு போட்டார்கள்.

"யாரக் கேட்டுக் குடுத்த?"
"நீ யாரக் கேட்டு வராம இருந்த?"

சிரித்தார்.
இன்ஜின் உடைந்து
ஆந்திராப் பக்கம் கரை ஒதுங்கியதை,
கிறிஸ்துமஸ் அன்று அங்கே யாரோ கொடுத்த புளியோதரையை,
அது நன்றாக இருந்ததை,
மழை விடும் வரை சொன்னார்.
மழை விட ஒரு மணி நேரம் ஆயிற்று.

நூறைக் கழித்தேன்.
பேனா அழுந்தி
அடுத்த பக்கத்திலும் கழிந்திருந்தது.

"படகே போவல, மீதிக்கு எங்க போவ?" என்றேன்.
"எழுது மொதல்ல. ஒரு கிலோ.
என் மச்சினன் ஊட்டுக்கு ஒண்ணு.
அவனுக்கு நான் இன்னும் சொல்லல."

சந்து முனையில்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
தண்ணீரில் இறங்கிப் போனார்.

போனை எடுத்தேன்.
"எரநூறு" என்றது என் வாய்.
வைத்தவுடன் வயிற்றைக் கலக்கியது.
ஜைனுலாபுதீன் எதுவும் சொல்லவில்லை,
சல்லடையை மட்டும் ஒரு தட்டு கூடுதலாய்த் தட்டினார்.

கூண்டு இறங்கியதா என்று கேட்காதீர்கள்.
பெட்டிகள் வந்துவிட்டன, தட்டையாக, கட்டுக் கட்டாக.
மடித்துக்கொண்டிருக்கிறேன்.
விளிம்பு பிளேடு மாதிரி.
இது நூற்றுப்பதினேழாவது.
கட்டைவிரலை வாயில் வைத்தால்
ரத்தமும் பட்டையும்
லேசாக ரம்மும்.