பாக்கி

ஜெலுத்தோங், கோழிக்கடைக்குப் பின்சந்தில்
ரம்புத்தான் மரத்தடியில் எட்டுக்குப் பத்து.
கோழிக்கூண்டு என்றுதான் நினைத்தேன்.
"இங்கேதான் எழுதினார்" என்றார்கள் குழுவினர்,
உள்ளே யாரோ தூங்குவதுபோல மெதுவாக.

நான் கூரைக்காரன்.
சவரியப்பனின் கதை ஒன்றுகூடப் படித்ததில்லை.
தகரம் எத்தனை தாள், சட்டம் எத்தனை அடி,
கரையான் எதுவரை ஏறியிருக்கிறது,
என் படிப்பு அவ்வளவுதான்.

எதையும் மாற்றக்கூடாதாம்.
துரு இருக்கலாம், ஒழுகக்கூடாது.
சாய்ந்திருக்கலாம், விழக்கூடாது.
கட்டடக் கலைஞர் மிஸ் தியோ
பலகை பலகையாகச் சாக்கட்டியால் எண் போட்டார்.
மகள் பிலோமினா உள்ளே கிடந்த
மூன்று சைக்கிள், இறக்கை போன மின்விசிறி,
கிறிஸ்துமஸ் குடில், எல்லாவற்றையும் வெளியே இழுத்தபடி
"அப்பா இருந்தபோதும் இப்படித்தான்" என்றார்.
"சைக்கிளைத் தள்ளிவிட்டுத்தான் உட்காருவார்."
அப்படியானால் சைக்கிளுக்கும் எண் போடுவதா என்று
குழு கொஞ்ச நேரம் பேசியது.

துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை அவருக்கு.
இரவு ஷிப்ட் முடிந்து குளிக்காமல்
அரிசித் தூசியோடு வந்து உட்காருவாராம்.
மழை பிடித்தால் விளக்கை அணைத்துவிடுவாராம்;
எழுதுகிற வாக்கியம் தன் காதிலேயே விழாதாம்.
பிலோமினா சொல்லச் சொல்ல
பழைய தகரத்தை விரலால் தட்டிப் பார்த்தேன்.
இப்போது வருவது மெல்லிசு. சத்தம் வேறு.
விலைப்பட்டியலில் இதை எந்த வரியில் எழுத?

மூன்றாம் நாள்
பிற்பாடு யாரோ அடித்த பிளைவுட்டைப் பிரித்தேன்.
உத்தரத்தின் பக்கவாட்டில் பென்சில் எழுத்து.
நாற்காலிமேல் ஏறி நின்று எழுதியிருக்க வேண்டும்,
கடைசி எழுத்துகள் மேலே ஏறிப் போயிருந்தன.

'ஓட்டை மூன்று. அடைத்தாயிற்று.
சடையனுக்குப் பன்னிரண்டு வெள்ளி பாக்கி.'

ஏணியைவிட்டு இறங்கவில்லை நான்.
சடையன் என் அப்பா.
அந்தக் காலத்து ஜெலுத்தோங்கில் தகரம் அடிக்க
வேறொரு சடையன் கிடையாது.

மறுநாள் குழு முழுக்க வந்துவிட்டது.
எழுத்து அவருடையதேதான்.
கண்ணாடி போடவேண்டும், சின்ன விளக்கும் வேண்டும்.
கோலாலம்பூரிலிருந்து வந்த பேராசிரியர்
கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று
"மூன்று ஓட்டை என்றால் நாடு, மொழி, கடவுள்" என்றார்.
சடையன் யார் என்பதற்கு
இன்னும் ஆய்வு தேவையாம்.

மூன்று ஓட்டையும் மேலேயே இருந்தன,
ஒரே தாளில், அடுத்தடுத்துத் தார் பூசி.
நடுவில் இருந்ததில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.
என் விரலை வைத்துப் பார்த்தேன்.
எனக்குக் கொஞ்சம் பெரிய விரல்.
பத்துத் தாளில் ஒன்பதை மாற்றினேன்.
அந்த ஒன்றுக்கு மிஸ் தியோ எண் போடவில்லை.

யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
சொன்னால் பன்னிரண்டு வெள்ளியைக்
கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள்.
பிலோமினா மட்டும் தேநீர் தரும்போது
உத்தரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.
சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

கடைசித் தாளை அடிக்கும் முன்
காதிலிருந்த பென்சிலை எடுத்து
புதுச் சட்டத்தின் மேல்பக்கம், தகரம் மூடும் இடத்தில்,
எழுதி வைத்தேன்:

'தகரம் ஒன்பது. பாதிப் பணம் வந்தது.
மீதி அடுத்த கூட்டத்தில் என்கிறார்கள்.'