டீசல் கணக்கு

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில், மழைக்கு முந்தின நாள்,
எஞ்சின் மூடியைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு
கிளீட்டஸ் கேட்டான்:
"மூவாயிரம் லிட்டர் ஊத்துனேன்.
அதுல எத்தன லிட்டருக்கு எனக்க போட்டு ஓடிச்சு?"

ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே என்றேன்.

மிச்சம்?
புகைக்குழாயைக் காட்டினேன்.
கடலுக்குள் வெந்நீர் துப்பும் குழாயைக் காட்டினேன்.
என் உள்ளங்கையைக் காட்டினேன்.
காலையில் சிலிண்டர் சுட்ட கொப்புளம்
இன்னும் உடையவில்லை.

"களவு போச்சுண்ணு சொல்லு."

இல்லை.
கள்ளனிடமிருந்து திருப்பி வாங்கலாம்.

நாகர்கோவிலில் டிப்ளமோ படித்தபோது
கரும்பலகையில் ஒரு வளையம் வரைவார்கள்,
நான்கு மூலையும் கத்திமுனை.
அமுங்கும், எரியும், விரியும், வெளியேறும்,
புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேரும்.
உள்ளே அடைபட்ட பரப்புதான் வேலை என்றார்கள்.
பின்னொரு நாள் ஓடுகிற எஞ்சினில் கருவி மாட்டி
அதே வளையத்தை அதையே வரைய விட்டேன்.
தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வந்தது.
தேய்ந்துபோன அந்த மூலைகளுக்குத்தான்
எனக்குக் கூலி.

இழப்பே இல்லாமலும் ஓடலாம், கிளீட்டஸ்,
ஓடுகிறதென்றே தெரியாத மெதுவில்,
ஒரு சுற்றுக்கு ஒரு யுகம்.
ஐஸ் உருகும், கேரை அழுகும்,
வட்டிக்காரன் மட்டும் நேரத்துக்கு வருவான்.

சிரித்தான்.
நான் மூன்றாவது பிஸ்டனை வெளியே எடுத்ததும் நிறுத்தினான்.
வளையம் நீலம் பாய்ந்து கிடந்தது.
யாரோ ஒரு ராத்திரி முழுக்க
விடாமல் முறுக்கியிருக்கிறார்கள்.

எண்ணெய்த் துணியை மடித்தான், பிரித்தான், மடித்தான்.
"டெல்வினுக்கு வயித்துல குத்து. வாயி நீலிச்சிட்டு.
கரைக்கு இருபது மணிக்கூறு.
மெள்ள வந்தா நானூறு லிட்டர் மிச்சம்,
அது எனக்கும் தெரியும்."

பையன்?

"ஆசாரிபள்ளத்துல கெடக்கான்.
இண்ணைக்குக் கஞ்சி குடிச்சான்."

பங்காளிகளுக்குக் காட்டும் நோட்டை
என் பக்கம் தள்ளினான்.
அந்த நானூறை எந்தப் பத்தியில் எழுத?
வேலை என்றால் வேலை இல்லை.
சேதம் என்று எழுதப் பேனா வரவில்லை.
தேதியை மட்டும் போட்டு
எதிரே வெறுமையாய் விட்டேன்.

நாலாம் நாள், மழையில், புது வளையம் மாட்டி
ஸ்டார்ட் செய்தோம். கறுப்பாய் ஒரு கக்கல்,
பிறகு சாம்பல், பிறகு ஒழுங்கான சத்தம்.
பிஸ்டன் ஏறி இறங்கி
ஏறிய இடத்துக்கே வந்துகொண்டிருந்தது.
முட்டிக்கொண்டு நின்ற மற்ற போட்டுகளிலிருந்து விலக
கிளீட்டஸ் ரிவர்ஸ் கியரைத் தள்ளினான்.

போட்டு பின்னால் வந்தது.
புகை வரவில்லை.