இடது அம்பு

செவ்வாய் ராத்திரி அது தானாகவே புதுப்பித்துக்கொண்டது.
புதன் காலை பவர் ஹவுஸ் நிறுத்தத்தில் இறங்கி
மெட்ரோ பள்ளத்தைச் சுற்றி நடந்து
மாடியேறி, ஷட்டரைத் தூக்கி, கணினியைத் திறந்தால்
படங்கள் எல்லாம் இருந்தன.
வழிதான் இல்லை.

அயனாவரம் கல்யாணம்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு படங்கள்.
ஒன்றுக்கு அடுத்து பத்து,
பத்துக்கு அடுத்து நூறு,
நூறுக்கு அடுத்து ஆயிரம் என்று நிற்கின்றன.
ஒன்றில் மாப்பிள்ளை காரைவிட்டு இறங்குகிறார்.
நூறில் பெண்ணுக்கு நலங்கு.
ஆயிரத்தில் தாலி ஏறிவிட்டது.
பந்தி முழுக்கச் சாப்பிட்டுக் கைகழுவி
இரண்டாம் எண்ணுக்கு வந்து சேர்ந்தால்
மனிதர் இன்னும் கார்க் கதவில்
வேட்டி மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப்
பின்செல் அழுத்தினால்
நின்ற இடத்துக்குத் திரும்பாது.
எட்டுநூற்று நாற்பத்து மூன்றிலிருந்து
நேராக டிஸ்க்கின் வாசலுக்கு.
மறுபடி வருடம், மறுபடி மாதம்,
மறுபடி அயனாவரம்,
மறுபடி உருட்டு.
பன்னிரண்டு தடவை உருட்டியபின்
தஸ்தகீர் சார் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.
பெண்ணின் அண்ணன் போனில்:
"ஆல்பம் என்னக்கா ஆச்சு?"
வழி தெரியலைப்பா என்றேன்.
கோடம்பாக்கத்துக்கு வழி சொல்ல ஆரம்பித்தான்.

மெனுவுக்குள் இருந்த மெனுவில்
நேரப்படி அடுக்கு என்பதைக் கண்டுபிடித்து
மாப்பிள்ளையை ஒழுங்காக மண்டபத்துக்குள் அனுப்பினேன்.
அப்போதுதான் கை தவறி
முதல் படத்தில் இருந்தபடி
இடது அம்பை அழுத்தினேன்.

முன்பெல்லாம் டங் என்று நின்றுவிடும்.
முதலுக்கு முன்னால் ஒன்றுமில்லை, அதுதானே முறை.
இப்போது அது சுவரைத் தாண்டி
பக்கத்து ஃபோல்டரின்
கடைசிப் படத்தில் போய் விழுந்தது.

மடிப்பாக்கம் கல்யாணம்.
காலி மண்டபம். லிஃப்ட்டில் சாய்ந்த வாழைமரம்.
பெண்ணின் அப்பாவும் மேனேஜரும்
தலையோடு தலை முட்டி
கரண்ட் மீட்டரைப் படிக்கிறார்கள்.

நான்கு வருடமாகப் படம் பொறுக்குகிறேன்.
கடைசி வரை போனதே இல்லை.
"பந்தி மூணு, குரூப் ஏழு,
நாலு மணிக்கு மேல ஒண்ணும் தேறாதும்மா"
என்பது சாரின் கணக்கு.

அன்று மதியம் வேலை செய்யவில்லை.
ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து
முதல் படத்தில் நின்று
இடது, இடது.

பெரம்பூர் வளைகாப்பு:
லைட் பிடிக்கும் சகாயம்
லைட்டைக் கட்டிக்கொண்டே தூங்குகிறான்.
திருவொற்றியூர் வரவேற்பு:
ஒற்றைச் செருப்பு, அதைத் தேடி வந்த
இன்னொரு ஒற்றைக் கால்.
வளசரவாக்கம்:
பட்டுப்புடவை மாற்றிச் சுடிதாரில் மணப்பெண்,
மாடிப்படியில் உட்கார்ந்து
ஆறிப்போன பூரியைப் பிய்க்கிறாள்,
பின்னை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுத்
தட்டின் ஓரம் முழுக்கக் கறுப்பு எறும்பு வரிசை.
அவளுடைய ஆல்பத்தை நான்தான் முடித்தேன்.
நாற்பது பக்கம். ஒன்றிலும்
இப்படி அவள் வாயைத் திறந்திருக்கவில்லை.

இருதயராஜ் அண்ணனுக்குப் போன் போட்டேன்.
கடைசியில் ஏன் இப்படியெல்லாம் எடுக்கிறீங்க?
பின்னால் ஏதோ ஒரு மண்டபத்து மைக்,
யாருடைய மொய்யையோ கூவிக்கொண்டிருந்தது.
"கார்டுல இடம் மிச்சம் இருந்துச்சும்மா."

வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் புகார் எழுதினேன்.
ஒன்று, எண் வரிசை குழம்புகிறது.
இரண்டு, பின்செல் வாசலுக்குத் தள்ளுகிறது.
மூன்று, சொடுக்கிய படம் விட்டு அடுத்தது திறக்கிறது.
நான்காவதை அடித்து,
அழித்து,
அனுப்பிவிட்டேன்.

பத்து நாளில் இன்னொரு புதுப்பிப்பு.
எண்கள் இன்னும் குழம்பியே கிடக்கின்றன.
பின்செல் இன்னும் வாசலுக்கே தள்ளுகிறது.
முதல் படத்தில் நின்று இடதை அழுத்தினேன்.

டங்.