குறிப்புக் கட்டம்

விளம்பரத் தாளில் இருபத்திரண்டு புள்ளி நாலு.
பக்கத்தில் எறும்புக்கண் அளவு ஒரு நட்சத்திரம்.
தாளின் அடியில், மடிப்பில் பாதி மறைந்து,
‘சோதனை நிலைமைகளில்’ என்றிருந்தது.
லோகு படிக்கவில்லை. நான் படித்தேன்.
நூல்மில்லில் தரம் பார்க்கிறவள்
அதையும் படிக்காவிட்டால் சம்பளம் எதற்கு?

மூன்றாம் டேங்க் நிரப்பியபோது பதினைந்து புள்ளி எட்டு.
“ஏமாத்திப் போட்டானுங்க” என்று
காங்கயம் ரோட்டு பங்க்கில் நின்றே
ஷோரூமுக்குப் போன் போட்டார்.
அந்தப் பக்கம் நவனீதன், பழுத்த பொறுமை:
“ஏசி போடுவீங்களாங்க?”
சித்திரைல வெள்ளகோயில்ல ஏசி போடுவீங்களான்னு
கேக்கறான் பாரு, என்றார் என்னிடம்,
போனை அணைக்காமலே.

எனக்குச் சிரிப்பு.
எங்கள் சோதனை அறையில் இருபத்தேழு டிகிரி,
ஈரப்பதம் அறுபத்தைந்து, இரட்டைக் கதவு.
அங்கே நாற்பதாம் நம்பர் நூல் நாற்பதாகத்தான் நிற்கும்.
அதே கோன் திருப்பூரில் ஒரு தகரக் கொட்டகையில்
இரண்டு நாள் காய்ந்தால்
எடை குறையுதுன்னு போன் வரும்.
அவர்களும் பொய் சொல்லவில்லை, நாங்களும்.
வாங்குகிறவர் யாரும் அந்த அறையில்
குடியிருப்பதில்லை.

இந்தக் காரையும் அப்படி ஓர் அறையில்
உருளை மேல் ஓட்டியிருப்பார்கள்.
சக்கரம் சுற்றும், ஊர் நகராது.
எதிரே கொப்பரை லாரி வராது.
முத்தூர்ப் பிரிவில் செம்மறி மந்தை குறுக்கே நிற்காது.
டிக்கியில் ஆறு டின் தேங்காயெண்ணெய் இருக்காது.
“நானும் ஒரு எட்டு வந்துட்டு வந்தர்றேன்” என்று
ஐந்து சீட்டில் ஏழாவதாக ஏறும் கொழுந்தனார்
நிச்சயம் இருக்க மாட்டார்.

மில்லில் கழித்த பதிவேடு ஒன்று கொண்டுவந்தேன்.
தேதி, கிலோமீட்டர், லிட்டர், கடைசியில் குறிப்பு.
பதினாலு புள்ளி ஒன்று: குண்டடம் எழவு. இஞ்சின் அணைக்காமல்
இரண்டு மணி நேரம் உள்ளே மாமா தூங்கினார்.
பதினாறு: நாலு டயரிலும் காத்துக் கம்மி.
பதிமூன்று புள்ளி ஒன்பது: ஆடி, கோயமுத்தூர் போக.
பொங்கலூர் தாண்டியதும் கணவாய்க் காற்று
நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது.
ரோட்டோரக் காற்றாலைகளுக்கு அது வரவு.
எங்களுக்குச் செலவு.

அது என் கர்ப்பப்பையை எடுக்கப் போன வழி.

ஆறாம் நாள் திரும்பினோம்.
ஆஸ்பத்திரி எதிரிலேயே டேங்க் நிரப்பினார், பழக்கம்.
ஏசி குளிர் எனக்கு ஆகவில்லை, அணைத்தார்.
முள் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை.
வேகத்தடையைத் தொலைவிலேயே கண்டு காலை எடுத்துவிடுவார்.
வண்டி தானாகத் தளர்ந்து
மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும்.
பின்னால் பஸ்காரன் ஹாரனிலேயே வைதான்.
பால் வேன்கூட முந்திப் போனது.
தொண்ணூற்றேழு கிலோமீட்டர்
லோகு ஒரு வார்த்தை பேசவில்லை.
வெள்ளகோயிலில் மறுபடி நிரப்பினால்
நாலேகால் லிட்டர்கூடப் பிடிக்கவில்லை.
இருபத்திரண்டு புள்ளி ஒன்பது.

நவனீதனுக்கு யாரும் போன் போடவில்லை.

தொழில் புத்தி விடுமா?
ஒரே ஒரு மாதிரி. காற்று முதுகுப்பக்கம்.
கோயமுத்தூர் மேடு, வெள்ளகோயில் பள்ளம்.
என் கீழ் வேலை பார்க்கும் பிள்ளை
இதை வைத்து முடிவு எழுதியிருந்தால்
சிவப்பில் அடித்துத் திருப்பியிருப்பேன்.
குறிப்புக் கட்டத்தில்
‘தையல்’ என்று மட்டும் எழுதினேன்.

போன வாரம் பதினாறு புள்ளி இரண்டு.
தாராபுரம் ரோட்டில் எண்பதில் பறந்து
ஒவ்வொரு தடைக்கும் சடாரென்று மிதித்து
வந்து இறங்கிக் கேட்கிறார்:
“ஏம்புள்ள, அன்னிக்கு மட்டும் எப்படிக் குடுத்துச்சு?”

டயர்ல காத்துப் பாத்தீங்ளா, என்றேன்.