இரண்டு வரி இடம்

காங்கயத்தில், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
நோட்டரி கருணைப்பிரகாசம் கேட்டார்:
"ஏனுங்க, உங்களுக்கென்ன குறை?
வெள்ளகோவில்ல பட்டறை, காயில் கட்டினா காசு.
கட்சி எதுக்குங்க?"

டைப் அடித்த பெண்
'நோக்கம்' என்பதற்குக் கீழே
இரண்டு வரி இடம் விட்டிருந்தாள்.

பத்தொன்பது நாளை
இரண்டு வரியில் எப்படி எழுதுவது?

பங்குனி வெயில். தண்ணித்தொட்டி மோட்டார் புகைந்து
என்னிடம் வந்தது. ஏழரை எச்பி.
மறுநாள் சாயங்காலம் வார்னிஷ் காய்ந்து தயார்.
எடுத்துப்போகத்தான் ஆளில்லை.
முதுகில் பழைய கவுன்சிலர் பெயர்
மஞ்சள் பெயின்டில் இருந்தது.
அந்தப் பேரோட ஏத்த மாட்டோம் என்றது ஒரு தரப்பு.
பேரை அழிச்சா மறியல் என்றது இன்னொன்று.
பில்லை எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் நடந்தேன்.
இரண்டு வீட்டிலும் மோர் கொடுத்தார்கள்,
கையெழுத்து கொடுக்கவில்லை.

லாரித்தண்ணிக்குப் போகிறவர்கள்
பட்டறை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும்.
தறிக்குடோனில் ராச்சிப்டு முடித்து வந்த பழனாத்தாள்
காலிக்குடத்தோடு நின்று
மோட்டாரை மட்டும் பார்த்துவிட்டுப் போனாள்.
என்னைத் திட்டியிருக்கலாம்.

இருபதாம் நாள் ராத்திரி
நானும் பையன்கள் இரண்டு பேரும்
திருடர்களைப்போல் போய் மாட்டிவிட்டு வந்தோம்.
விடிந்தால் இரண்டு பிளக்ஸ்.
குடிநீர் தந்த தலைவருக்கு நன்றி.
குடிநீர் தந்த தலைவருக்கு நன்றி.
அச்சடித்தது ஒரே கடை.
என் பில் இன்னும் ஆணியில் தொங்குகிறது.

பிறகுதான் கணக்குப் பார்த்தேன்.
வார்டில் ஐந்து பேர் நின்றார்கள்.
விழுந்த ஓட்டு தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.
ஜெயித்தவருக்கு இருநூற்றுப் பதினாலு.
மிச்சம் அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர்
எங்கே போனார்கள்?
லாரித்தண்ணிக்கு.

என் மாமனார் ஊரில் வாய்க்கால் முறை உண்டு.
ரெண்டேக்கர்க்காரனுக்கு அவன் மணி,
இருபதேக்கர்க்காரனுக்கு அவன் மணி.
நிலம் ஜாஸ்தி என்று ஒருவனே
வாய்க்காலைத் திருப்பிக்கொள்ள முடியாது.
திருப்புகிறவர்களும் உண்டு, ராத்திரியில், மடையை உடைத்து.
ஆனால் அதற்குத் திருட்டு என்றுதான் பெயர்.
ஓட்டில் மட்டும்
அதற்கு வெற்றி என்று பெயர், மாலை வேறு.
விழுந்த அளவுக்கு இடம் கொடுங்கள் என்கிறேன்.
வேறென்ன கேட்டேன்?

"அதெல்லாஞ் சரிங்க.
நடுவுல நிக்கறேங்கறீங்களே,
நடுரோட்டுல நின்னா லாரி அடிக்குமுங்க."

நான் எங்கே நின்றேன்?
இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும்
பில்லோடு நடந்துகொண்டிருந்தேன்.
அதற்கு நடு என்று பெயர் வைத்தது மற்றவர்கள்.

தொழில்காரனாக ஒன்று சொல்லலாம்:
மூணு பேஸில் ஒன்று போனால்
மோட்டார் உறுமும், சுற்றாது.
விட்டுவைத்தால் காயில் கருகும்.
அந்தக் கருகலில்தான்
முப்பது வருசமாகச் சோறு தின்கிறேன்,
அதையும் எழுத வேண்டுமா?

நூறு பேர் பிரமாணப் பத்திரம் வேண்டும்.
வேறெந்தக் கட்சியிலும் இல்லையென்று சத்தியம்.
மளிகைக்கடை சென்னியப்பனிடம்
இரண்டு கட்சி அட்டையும் இருக்கிறது,
சங்கடப்பட்டுத் தலையைச் சொறிகிறார்.
என் மனைவி தமயந்தி கையெழுத்துப் போட்டாள்.
"மெம்பர்னுதானுங்க சத்தியம், ஓட்டுக்கு இல்ல."

அறுபத்து மூன்றாவது, பழனாத்தாள்.
கொள்கை எதையும் அவள் கேட்கவில்லை.
பேனாவைப் பிடித்தபடி ஒன்றே ஒன்று:
"மோட்டார் மேல பேரெழுத மாட்டீங்கல்ல?"

அதையே எழுதிக் கொடுத்தேன்.
ஒரு வரிதான் வந்தது.
நோட்டரி கண்ணாடியை மாட்டி இரண்டு தரம் படித்தார்.
"இதையெல்லாம் நோக்கம்னு ஒத்துக்க மாட்டாங்களுங்க"
என்றபடியே முத்திரையை மையில் அழுத்தினார்.

இன்னும் முப்பத்தேழு பேர்.
கரூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.