மரத்துக்கு எண் இல்லை

நீலப் பெட்டி. உள்ளே நுரைமெத்தை.
ஆலையிலேயே சுட்டுப் பார்த்த அட்டை ஒன்று,
ஐந்து குண்டுக்கும் ஒரே துளை.
பதினெட்டாயிரம் ரிங்கிட்.
"இடக்கைக்கு எட்டு மாதம் ஆகும்" என்றார் ஏஜெண்டு,
என் கை ஏதோ குற்றம் செய்துவிட்டதைப் போல.

ஆகவே பாதிதான் வாங்கினேன்.
குழலும் விசையும்
கண்புரை வந்த ஈப்போக்காரர் ஒருவர் விற்றவை.
மீதிப் பாதி
ஜெலுத்தோங் மரக்கடையில்
நியாத்தோக் கட்டையாய்ச் சுவரில் சாய்ந்திருந்தது.
"கதவுக்கா, கட்டிலுக்கா?"
"தோளுக்கு."
ஹோக் லெங் சிரிக்கவில்லை.
அங்குலக் கணக்கில் பில் போட்டார்.

போலீஸ் பாலாயில் சார்ஜன் ரொஸ்னா
இரும்பைப் புரட்டி எண்ணைப் பதிந்தார்.
இரும்பு கிளப் பெட்டகத்தில்தான் தூங்க வேண்டும்.
மரம்?
"மரத்துக்கு எண் இல்லையே. வீட்டுக்குக் கொண்டு போ."

ஒன்பது மாதம் அது இரண்டு ஊரில் வாழ்ந்தது.
பாலிக் பூலாவில் இரும்பு,
சுங்கை டுவாவில், பதினோராம் மாடி பால்கனியில்,
துணி காயும் கம்பிக்குக் கீழே மரம்.
நடுவே மோட்டார்சைக்கிளில் நான்,
கழுத்தின் நீளத்தையும்
உள்ளங்கைக் குழிவையும் ஏற்றிக்கொண்டு.

பகலில் நான் பாயான் லெப்பாஸில் அளவு பார்க்கிறவள்.
மூன்று மைக்ரான் பிசகினால்
பெட்டி பெட்டியாய்த் திருப்பி அனுப்புகிறவள்.
இரவில் அரத்தைப் பிடித்தால்
'இன்னும் கொஞ்சம்' என்ற ஒரே அளவுகோல்.
கொஞ்சம் என்றால் எத்தனை மைக்ரான்
என்று கேட்டார் இருதயநாதன்,
சோற்றிலிருந்து மரத்தூளை ஒதுக்கியபடி.

ஒரு சனிக்கிழமை
கண்ணை மூடித் தோளில் ஏற்றி,
கன்னத்தைப் பதித்து, திறந்தேன்.
குறி அங்கேயே இருந்தது,
எனக்கு முன்பே வந்து
உட்கார்ந்துவிட்ட விருந்தாளியாய்.

போட்டியில் முந்நூற்று எண்பத்தேழு.
நீலப் பெட்டிக்காரி தவமலர்
முந்நூற்று எண்பத்தொன்பது.
அந்த இரண்டு புள்ளி மரத்திலா, என்னிலா
என்று கோப்பிக் கடையில் நெடுநேரம் பேசினோம்.
அவள்தான் காசு கொடுத்தாள்.

ஆகஸ்டு மாதம்
பாலத்துக்கு ஏறும் வளைவில் யாரோ எண்ணெய் சிந்தியிருந்தார்கள்.
இடது காறையெலும்பு.
உள்ளே ஒரு தகடு, ஆறு திருகு.
ஆலையில் செய்த திருகுகள்.
ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு,
அட்டையில் எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

திரும்பி வந்து தோளில் ஏற்றினேன்.
மரம் என்னை யாரென்று கேட்டது.
அதற்குத் தெரிந்தவள் ஜூலை மாதத்துக்காரி;
அவள் கழுத்து ஒரு விரலளவு நீளம்,
தோள் கொஞ்சம் உயரம்.
கண் துளைக்குக் கீழே எங்கோ
வழி தெரியாமல் நின்றது.

பக்கத்துத் தடத்தில் தவமலர்
தன் துப்பாக்கியைப் பள்ளிக்கூடப் பையன் ஒருவனுக்குத் தந்தாள்.
சாவியை நாலு திருப்பு,
அவனுடையதாகிவிட்டது.
பிறகு அவன் அப்பாவுக்கு, மறுபடி நாலு.
யாரையும் தெரியாத பொருள்
யாருக்கும் இணங்குகிறது.
நான் பொறாமையோடுதான் பார்த்தேன், மறைக்கவில்லை.

அரத்துக்கு எடுக்கத்தான் தெரியும்,
கொடுக்கத் தெரியாது.
பழைய சிலிப்பரின் அடியை அறுத்தேன்.
ஏழு மில்லி. போதவில்லை. இன்னொரு நாலு.
திருகு இரண்டு தவமலரின் நீலப் பெட்டியிலிருந்து,
உபரியாய்க் கிடந்தவை.

லைசென்சு புதுப்பிக்கப் போன அன்று
முழுதாகவே எடுத்து வரச் சொன்னார் சார்ஜன் ரொஸ்னா.
இரும்பின் எண்ணைச் சரிபார்த்தார்.
பச்சை ரப்பரை விரலால் அமுக்கி,
"இது என்ன?"

"தோள்" என்றேன்.

பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
கொஞ்சம் யோசித்துவிட்டு
முத்திரை குத்தினார்.